ஆபுத்திரனும் 19பி பிரிவும்: வளர்ப்புப் பிள்ளையின் குடியுரிமை குறித்த ஒரு வாசிப்பு

முன்னுரை

மணிமேகலையை மாணவர்க்குக் கற்பிக்கும்போது ஆபுத்திரனை அமுதசுரபி பெற்றுப் பசிப்பிணி நீக்கிய அருளாளனாக அறிமுகப்படுத்துவது நம் வழக்கம். திறனாய்வாளர் பலர் ஒரு படி மேலே சென்று, வேள்வியையும் பிறப்புவழி உயர்வையும் மறுத்த குரலாக அவனைக் காண்பர். இவ்விரு வாசிப்புகளும் ஏற்புடையனவே. ஆயினும் அவன் ஈன்றவளால் கைவிடப்பட்டுப் பிறரால் எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளை என்னும் செய்தி, இவ்வாசிப்புகளில் கதையின் தொடக்கக் குறிப்பாக மட்டுமே நின்றுவிடுகிறது. அச்செய்தியே அப்பாத்திரத்தின் மையம் என்பது இக்கட்டுரையின் கருத்து. பிள்ளை ஒன்று யாருக்குரியது, எந்நாட்டுக்குரியது என்பதைப் பிறப்பு முடிவுசெய்யுமா, வளர்ப்பு முடிவுசெய்யுமா என்னும் வினாவைச் சாத்தனார் இரண்டு நாடுகளில் வைத்து இருமுறை எழுப்புகிறார். அதே வினா இன்று மலேசிய நீதிமன்றங்களிலும் எழுந்துள்ளது. சுங்கை பெசார் முதல் கோல சிலாங்கூர் வரையிலான தோட்டப்புறங்களை அறிந்த தமிழாசிரியர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று.

காப்பியத்தில் இரு விடைகள்

வாரணாசியிலிருந்து குமரியாட வந்த சாலி, வழியில் ஈன்ற குழந்தையை ஒரு தோட்டத்தில் இட்டுச் செல்கிறாள். சாத்தனார் ஆளும் சொல் 'துடவை' என்பதாகும். ஏழு நாள் பசு பாலூட்டிக் காத்த அக்குழந்தையை, வயனங்கோட்டைச் சேர்ந்த இளம்பூதி தன் மகனென ஏற்றுக் கல்வி பயிற்றுகிறான். வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவை ஆபுத்திரன் விடுவித்தபோது பூசல் எழுகிறது. அப்பூசலின் நடுவே ஒருவன், 'இவன் பிறப்பை யான் அறிவேன்' என்னும் பொருள்பட எழுந்து, சாலியின் கதையை அவையில் கூறுகிறான். உடனே ஊர் அவனை விலக்குகிறது. எடுத்து வளர்த்த பூதியும், ஓதும் அந்தணர்க்கு இவன் ஒவ்வாதவன் எனத் தன் மனையிலிருந்து நீக்குகிறான். சென்ற ஊர்களில் அவன் ஏந்திய கலத்தில் கல்லே விழுகிறது.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. பூதி அவனை எடுத்தபோது பிறப்பு அறியப்படாதிருந்தது. அறியாமை உறவுக்குத் தடையாகவில்லை. பிறப்புச் செய்தி வெளிப்பட்டதும் அத்தனை ஆண்டுகால வளர்ப்பும் இல்லையென்றாகிறது. அச்செய்தியை வைத்திருந்தவன் அவன் நலம் நாடியவன் அல்லன். அவனை வீழ்த்த நேரம் பார்த்திருந்தவன்.

மறுபிறப்பில் இதே நிகழ்வு சாவகத்தில் வேறு முடிவைப் பெறுகிறது. (சாவகம் எது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு, கடல் கடந்த தென்கிழக்காசிய நிலம் என்ற அளவில் இங்குக் கொள்வோம்.) மகப்பேறு இல்லாத பூமிசந்திரன், முனிவனிடமிருந்து குழந்தையைப் பெற்று வளர்க்கிறான். அக்குழந்தை புண்ணியராசன் என்னும் பெயரோடு நாகபுரத்தில் அரசாள்கிறது. அவனும் ஒருநாள் தன் பிறப்பை அறிகிறான். ஆனால் அதை அவனுக்குச் சொல்பவள் வளர்த்த தாயாகிய அமரசுந்தரி. அறிந்தபின் அவன் கலங்குகிறான்; துறக்கவும் எண்ணுகிறான். அவன் தோன்றுவதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் மழையின்றி வாடிய நாடு இது, நீ நீங்கினால் இந்நாடு என்னாகும் என அமைச்சன் சனமித்திரன் தடுக்கிறான். பிறப்பு வெளிப்பட்டபின் வயனங்கோடு அவனைத் துரத்துகிறது. சாவகமோ போகாதே என்கிறது.

பிறப்பை மறைத்தால்தான் வளர்ப்பு நிலைக்கும் என்று காப்பியம் கூறவில்லை என்பதும் நோக்கத்தக்கது. மணிபல்லவத்தில் அவன் தன் முற்பிறப்பின் என்பையும் காண்கிறான். முழுதும் அறிந்தபின்னரே நாடு திரும்புகிறான். தன் மூலத்தை அறியும் உரிமையும் வளர்ந்த நாட்டில் வாழும் உரிமையும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல என்பதே இப்பகுதியின் உட்பொருள் எனலாம்.

அரசமைப்பு என்னும் பனுவல்

இனி மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தை ஒரு பனுவலாக வாசிப்போம். அதன் 14ஆம் உறுப்போடு இணைந்த இரண்டாம் அட்டவணையில் 19பி பிரிவு உள்ளது. கைவிடப்பட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தை, மாறான நிலை மெய்ப்பிக்கப்படும் வரை, அவ்விடத்தில் நிரந்தரமாக வசிக்கும் ஒரு தாய்க்குப் பிறந்ததாகவே கொள்ளப்படும் என்பது அதன் சாரம். குழந்தை நாடற்றதாகிவிடக் கூடாது என்ற அக்கறையே இவ்விதியின் அடிப்படை என்பது எளிதில் விளங்கும்.

ஆயினும் நடைமுறை வேறாக இருந்தது. 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்ற ஆணை பெற்று, புதிய பிறப்புப் பத்திரத்தில் வளர்த்தோரே பெற்றோராகக் குறிக்கப்பட்ட பின்னரும், அதே பத்திரத்தில் 'புக்கான் வார்காநெகாரா' என்னும் குறிப்பு இடம்பெற்ற பிள்ளைகள் பலர். உறவுக்கு வளர்த்தோர், குடியுரிமைக்கு ஈன்றோர் என ஒரே ஏட்டில் 'பெற்றோர்' என்னும் சொல் இருபொருள் கொண்டது. ஈன்றோர் யாரென அறியப்படாத பிள்ளையிடமே அவர்களை நிறுவுமாறு கோரப்பட்டது. 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் இத்தகைய ஒரு தத்துப்பிள்ளையின் வழக்கில் இவ்வாசிப்பை ஏற்க மறுத்தது. கைவிடப்பட்ட குழந்தையிடம் மூலத்தை மெய்ப்பிக்கக் கேட்பது பொருளற்றது. அதை மறுப்பவரே மாறான நிலையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிலைப்பாடு அத்தீர்ப்பால் உறுதிப்பட்டது.

2024ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்த முயற்சியில், கைவிடப்பட்ட பிள்ளைகளின் இவ்வுரிமையை விண்ணப்பத்தின்வழி பெறுவதாக மாற்றும் கருத்து முதலில் இடம்பெற்றிருந்தது. கடும் எதிர்ப்புக்குப்பின் அது கைவிடப்பட்டது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய திருத்தம், வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு மலேசியத் தாயும் குடியுரிமை வழங்க வழிசெய்தது, இது வரவேற்கத்தக்கது. அதே திருத்தம், நிரந்தர வசிப்பிடத் தகுதி மட்டும் உடைய பெற்றோருக்கு இங்குப் பிறக்கும் பிள்ளை தானாகவே குடிமகனாகும் வழியை நீக்கியது. சிவப்பு அடையாள அட்டையோடு தலைமுறைகளைக் கழித்த தோட்டப்புறக் குடும்பங்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

தாய் யாரென அறியப்பட்டு, அவள் அயல்நாட்டவளாகவும் இருந்தால், 19பி பிரிவு அப்பிள்ளைக்குத் துணைவராது. பிறந்தநாள் முதல் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தாலும் அப்பிள்ளை அரசின் தனிச்சலுகையையே நம்பியிருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் அயல்நாட்டார் கட்டணம், உயர்கல்விக் கடனுக்குத் தகுதியின்மை, சாலைச் சோதனையில் காட்ட அடையாள அட்டை இல்லாத அச்சம் ஆகியவை அதன் அன்றாடம்.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டுச் சட்டம், அயல்நாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை வழங்கியது. ஆனால் அது 2001 பிப்ரவரி 27இல் நடப்புக்கு வந்தபோது 18 வயதைக் கடந்திருந்தோரை விட்டுவிட்டது. அமெரிக்கராகவே வளர்ந்த சிலர், மொழியும் அறியாத பிறந்த நாட்டுக்குப் பிற்காலத்தில் நாடுகடத்தப்பட்டனர். நம் அண்மை வரலாற்றில் நத்ரா வழக்கும் உண்டு. மலாய்த் தாய் ஆமினா வளர்த்த டச்சுச் சிறுமியை ஈன்றோருக்கே உரியவளெனச் சிங்கப்பூர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து, 1950 டிசம்பரில் எழுந்த கலவரத்தில் 18 பேர் மாண்டனர். வளர்ப்பு, சமயம், இனம் ஆகியவை மோதும் இடத்தில் பிள்ளையின் விருப்பம் எவ்வளவு எளிதில் மறக்கப்படும் என்பதற்கு அது சான்று.

நம்மை நோக்கிய வினா

குறையை முழுவதும் அரசின்மீது சுமத்தி நாம் ஒதுங்கிவிட இயலாது. சீனக் குடும்பங்கள் வறுமையாலும் பிறந்த ஆண்டு குறித்த நம்பிக்கையாலும் கொடுத்த பெண்குழந்தைகளைத் தமிழர் எடுத்து வளர்த்தமை மலாயாத் தோட்டப்புற வரலாற்றின் பெருமைக்குரிய பகுதி. சேலை கட்டிப் பொட்டிட்டுத் தூய தமிழ் பேசும் சீனப் பெண்மணியை அறியாத தோட்டத்துக்காரர் அரியர். எனினும் அப்பெருமையைப் பேசும்போது இரண்டை மறந்துவிடுகிறோம். ஒன்று, அப்பிள்ளைகளின் திருமணப் பேச்சில் 'எடுத்து வளர்த்த பிள்ளை' என்ற சொல் தணிந்த குரலில் நுழைந்ததை. அக்குரல் வயனங்கோட்டின் குரலே. மற்றொன்று, அத்தத்தெடுப்புகளுள் பல வாய்ப்பேச்சாக நிகழ்ந்தன என்பதை. பேறுகாலம் பார்த்தவளும் அண்டை வீட்டாருமே சாட்சி. தோட்டங்கள் கைமாறி மக்கள் கலைந்தபோது அச்சாட்சிகளும் கலைந்தன. கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்பதற்குக் காவல்துறைப் புகாரோ சமூக நல இலாகாவின் பதிவோ இல்லாதபோது, 19பி பிரிவின் காவலைக் கோருவதும் கடினமாகிறது.

சுங்கை பெசார் வட்டாரத்தின் நெல்வயல்களைத் திருத்தியோருள் சாவகத்திலிருந்து வந்தோர் பலர். அவர்தம் வழியினர் இம்மண்ணின் மக்களாக ஏற்கப்பட்டுள்ளனர். அது முறையே. கடல் கடந்து வந்தோரை உரியோராக்கிக்கொள்ளும் ஆற்றல் இந்நிலத்துக்கு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டா. அவ்வாற்றல் எல்லா இனத்துப் பிள்ளைக்கும் ஒரே அளவில் கிட்டவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

முடிவுரை

அறம் என்பது எல்லா உயிர்க்கும் உணவும் உடையும் உறைவிடமும் தருவதே என்ற மணிமேகலையின் விளக்கத்தை மேடைதோறும் எடுத்தாள்கிறோம். அவ்வுரை மணிபல்லவத்தில் புண்ணியராசனை நோக்கிக் கூறப்பட்டது என்பதை நினைவுகூர்வோர் சிலரே. கேட்டவன், கைவிடப்பட்டும் எடுத்து வளர்க்கப்பட்டும் தன் மூலத்தை அப்போதுதான் அறிந்த ஓர் அரசன். ஆகவே ஆபுத்திரன் திறன் அறிவித்த காதையையும் ஆபுத்திரனோடு மணிபல்லவம் அடைந்த காதையையும் இணைத்தே கற்பித்தல் வேண்டும்.

கற்பிக்கும் ஆசிரியர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. வகுப்பில் பத்திரம் இல்லாத பிள்ளை இருக்குமாயின், அதன் பிறப்புச் செய்தி ஏளனமாக அவையில் வெளிப்படாதவாறு காப்பதும், வளர்த்தோரை உரிய காலத்தில் நீதிமன்ற ஆணை பெறத் தூண்டுவதும் அக்கடமையின் பகுதிகள். புதிய திருத்தம் சிறப்பு விண்ணப்பத்துக்கான வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைத்திருப்பதால், ஆறாம் ஆண்டில் ஓர் ஆசிரியர் கேட்கத் தவறும் கேள்விக்குப் பின்னர்க் காலம் மிகுதியாக இராது.