கதவு உள்ள இடம்

மனநல சிகிச்சை கைபேசிக்கு வந்துவிட்டது. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஒன்றிய அரசு டெலி மானஸ் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இதைச் சிறிய விஷயமாக ஒதுக்க முடியாது. பாகூரிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ ஒரு பெண் ஜிப்மர் மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலியை விட வேண்டும், "எதுக்குப் போற?" என்ற கேள்விக்கு வீட்டில் பதில் சொல்லவும் வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் புதுச்சேரியின் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 29.7, நாட்டின் விகிதம் 12.4. உதவி எந்த வழியில் வந்தாலும் வரட்டும் என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் ஒவ்வொரு கருவிக்குள்ளும் அதைப் பயன்படுத்தப்போகிறவரைப் பற்றிய ஒரு கற்பனை இருக்கிறது. அவருக்குச் சொந்தக் கைபேசி இருக்கும். தாழிட்டுக்கொள்ளக் கதவு இருக்கும். தன் துயரத்தைச் சொல்ல, கருவிக்குப் புரியும் சொற்கள் இருக்கும். இந்த மூன்றும் நம் கிராமத்துப் பெண்களிடம் இருக்கின்றனவா என்பதே என் கேள்வி.

முதலில் கைபேசி. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறப் பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ளவர்கள் 46.6 சதவீதம். ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 24.6 சதவீதம், கிராமப்புற ஆண்களிலோ 48.7 சதவீதம். தமிழ்நாட்டின் நிலை இதைவிட மேல்தான். இருந்தாலும், கணவனுக்குத் தெரிந்த கடவு எண்ணும் மகன் ஏற்றித்தரும் செயலியும் கொண்ட கைபேசியை அவளுடையது என்று எப்படிச் சொல்வது? அதில் தங்கிவிடும் ஒரு குறுஞ்செய்தி அவளுக்கு எதிராகத் திரும்பலாம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 13ஆவது பிரிவில், மனநோயை மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்றாக இன்றும் வைத்திருக்கிறது. மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்தம் தெளிவற்றவராகக் கருதக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனால் வீட்டுத் திண்ணையில் நடக்கும் விசாரணைக்குப் பிந்தைய சட்டம் வந்து சேர்வதேயில்லை.

அடுத்தது சொல். மொழி கற்பிக்கிறவளாக என்னை அதிகம் உறுத்துவது இதுதான். மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் பி.எச்.க்யூ-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருந்ததா, களைப்பாக இருந்ததா, தூக்கம் கெட்டதா என்று கேட்டு, நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நடவுக் காலத்தில் சேற்றில் குனிந்து நின்றுவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைக்கிறவளிடம் களைப்பைக் கேட்டால், அவள் சொல்லும் விடை நோயைக் காட்டுமா, வேலையைக் காட்டுமா? "நெஞ்ச அடைக்குது, ஒடம்பெல்லாம் எரியுது" என்று அவள் தானாகச் சொல்வதை வைக்க நான்கு கட்டங்களில் எங்கே இடம்? உன்னை அடிப்பது யார் என்ற கேள்வியும் அந்த ஒன்பதில் இல்லை. காரணம் வீட்டில் இருக்க, அறிகுறியை மட்டும் அவள் உடம்பிலிருந்து பிரித்தெடுத்து மதிப்பெண் போடுகிறோம்.

மூன்றாவது கதவு. மனநல உரையாடல் இயந்திரங்களின் கதை பழையது. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா என்ற நிரல், உளச்சிகிச்சையாளரைப் போலக் கேள்வி கேட்கும். அதோடு கொஞ்ச நேரம் உரையாடிய அவருடைய செயலாளர், சற்று வெளியே போகும்படி அவரையே கேட்டுக்கொண்டார். மனிதர்கள் இயந்திரத்தை எவ்வளவு எளிதில் நம்பிவிடுகிறார்கள் என்பதற்குச் சான்றாகவே இந்தச் சம்பவம் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லப்படுகிறது. நான் அதை வேறு விதமாக வாசிக்கிறேன். பேசத் தொடங்கிய அந்தப் பெண் முதலில் கேட்டது, மேலதிகாரி பார்த்துக்கொண்டிராத சில நிமிடங்களை. இயந்திரம் புத்திசாலியா என்று எல்லோரும் விவாதித்தார்கள். அவளுக்கு ஏன் தனிமை தேவைப்பட்டது என்று விசாரித்தவர்கள் குறைவு.

அந்தத் தேவையைப் புரிந்துகொண்ட ஒரு முயற்சி நமக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓடவிட்டது. நோயாளி பேருந்துக்குள் உட்கார்ந்து, திரை வழியே சென்னையிலுள்ள மனநல மருத்துவரோடு பேசுவார். மருந்து அதே பேருந்தில் கிடைக்கும். உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போவார்கள். அங்கே திரை ஒரு பகுதி மட்டுமே. அதைச் சுற்றி மருந்தும் மனிதர்களும் இருந்தார்கள். மாமியாரும் கணவனும் எட்டிப் பார்க்க முடியாதபடி சாத்திக்கொள்ள ஒரு கதவும் இருந்தது.

ஆகவே வில்லியனூருக்கும் பாகூருக்கும் புதிய செயலி வேண்டுமா என்று கேட்டால், அதற்கு முன் வேண்டியவை சில உண்டு என்பேன். துணை சுகாதார நிலையத்தில் தாழிடக்கூடிய ஓர் அறை. அந்த அறைக்கென்றே ஒரு தொலைபேசி. பேசி முடித்த பின் அவளுடைய கைபேசியில் எந்தத் தடமும் இருக்கக் கூடாது. அடித்ததையும் கடனையும் குடியையும் கேட்டு, அவள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளும் ஒரு பெண் பணியாளர். அவருக்கு அதற்கென்று முறையான சம்பளம். இருக்கும் ஆஷா பணியாளர்களின் தலையில் இதையும் சுமத்திவிட்டு மனநலம் பேசுவதில் அர்த்தமில்லை. இவையெல்லாம் இருந்தால் 14416 என்ற எண் உண்மையிலேயே ஓர் உயிரைக் காக்கும். இவை இல்லாதபோது, அழைக்காத பெண்களைக் கணக்கில் சேர்க்காமல், வந்த அழைப்புகளை மட்டும் எண்ணி நாம் திருப்திப்பட்டுக்கொள்வோம்.