ரீபூட் செய்வதற்கு முன் ஒரு நிமிடம்

லினக்ஸ் சர்வர் படுத்துவிட்டதா? பிழைச்செய்தியைத் தேடு, கிடைத்த கட்டளையை ஒட்டு, அதற்கும் மசியாவிட்டால் ரீபூட் செய், எழுந்துவிட்டால் டிக்கெட்டை மூடு. பே ஏரியாவிலும் நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் முறைவைத்து ஆன்-கால் பார்க்கும் நம்மவர்கள் பலருக்கு இது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. சோம்பல் என்று ஒரே சொல்லில் இதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பணப் பரிவர்த்தனைகள் நின்றுபோய்க் கிடக்கும்போது கெர்னலின் மூலநிரலைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பொறுப்பான வேலை ஆகாது.

இந்த வழக்கத்தின் பலத்துக்கு 2012 ஜூன் 30 நல்ல சாட்சி. உலக நேரத்தில் அன்று ஒரு லீப் வினாடி சேர்க்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் அப்போது சனிக்கிழமை மாலை ஐந்து மணி. ரெடிட், மொசில்லா உள்ளிட்ட பல இடங்களில் ஜாவா நிரல்கள் திடீரென்று சிபியு முழுவதையும் விழுங்கத் தொடங்கின. கூடுதல் வினாடியைச் சேர்த்த கெர்னல், தன்னுடைய டைமர் பகுதிக்கு அதைத் தெரிவிக்கவில்லை. இரண்டு கணக்குக்கும் ஒரு வினாடி வித்தியாசம் விழுந்தது. அரை வினாடி தூங்கக் கேட்ட நிரலை டைமர் உடனே எழுப்பியது. அது மறுபடி தூங்கக் கேட்டது, மறுபடி எழுப்பியது. ஜாவாவை மட்டும் நிறுத்தித் தொடங்கிப் பயனில்லை, கோளாறு கெர்னலில் இருந்தது. இயந்திரத்தையே ரீபூட் செய்தால் சரியானது. 'டேட்' கட்டளை கொடுத்து அந்த நொடியின் நேரத்தையே மறுபடி அமைத்தாலும் சரியானது. டைமருக்குப் போகாமல் விட்டுப்போன தகவலை அது கொண்டுசேர்த்துவிடும். காரணம் முழுதும் புரிந்த பிறகுதான் கை வைப்பேன் என்று எல்லோரும் காத்திருந்தால் அந்த வாரயிறுதியே போயிருக்கும். கெர்னலுக்கான திருத்தம் பிறகு வந்தது.

ஆனால் ஒட்டப்படும் கட்டளைகள் எல்லாம் இத்தனை சாது அல்ல. அன்றாடம் நடக்கும் ஒன்றைப் பாருங்கள். ஒருவர் தன் ஹோம் அடைவிலிருந்து ஒரு பக்கத்தை 'எம்வி' கட்டளையால் வெப் சர்வரின் அடைவுக்கு நகர்த்துகிறார். உலாவி 'அனுமதி இல்லை' என்கிறது. கோப்பின் அனுமதிகள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. தேடினால் கிடைக்கும் அறிவுரை: எஸ்இலினக்ஸை அணைத்துவிடு. அணைத்ததும் பக்கம் தெரிகிறது. நடந்தது இவ்வளவுதான்: நகர்த்திய கோப்பு ஹோம் அடைவில் தனக்கிருந்த பாதுகாப்பு முத்திரையோடே வந்துவிட்டது. 'ரீஸ்டோர்கான்' என்ற ஒரே கட்டளை அதை மாற்றியிருக்கும். காப்பியாக எடுத்திருந்தால் சிக்கலே வந்திருக்காது. ஒரு கோப்புக்காக அந்த இயந்திரத்துக்கு எஸ்இலினக்ஸ் தந்த காவல் முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது. அதைத் திரும்பப் போட வேண்டும் என்ற நினைவு யாருக்கும் வருவதில்லை, ஏனென்றால் டிக்கெட் மூடப்பட்டுவிட்டது.

எச்சரிக்கையை அடக்குவதும் காரணத்தை அறிவதும் ஒன்றல்ல என்பதை டெபியன் மிக அதிக விலை கொடுத்துக் கற்றது. 2006-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலைப் பற்றி வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி முறையிட்டது. முறையீட்டுக்குக் காரணமாகத் தெரிந்த வரிகளைப் பராமரிப்பாளர் நீக்கினார். அவர் அலட்சியக்காரர் அல்ல, ஓப்பன்எஸ்எஸ்எல் தரப்பிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார். ஆனால் அவற்றில் ஒரு வரிதான் சாவிகளை உருவாக்கும் எண்களைக் கணிக்க முடியாதவையாக வைத்திருந்தது. அது போனதும் குழப்பத்துக்கு மிஞ்சியது நிரலின் செயல்முறை எண் ஒன்றே. அதற்கு 32,768 மதிப்புகள்தான். டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகளை எவரும் பட்டியல் போட்டுவிடலாம் என்ற நிலை, லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து 2008 மே மாதம் அது வெளியாகும் வரை நீடித்தது.

இதே வால்கிரைண்ட் 2024-இல் வேறு ஒருவரின் மனத்தில் தங்கியது. சான் பிரான்சிஸ்கோவில் வாழும் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் போஸ்ட்கிரெஸ் வேகச் சோதனைக்காக இயந்திரத்தை அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார். தோற்றுப்போகும் எஸ்எஸ்எச் நுழைவுகள்கூட சிபியுவைத் தின்பதைக் கண்டார். 0.3 வினாடியில் முடிய வேண்டியது 0.8 வினாடி எடுத்தது. அரை வினாடிதானே என்று எவரும் விட்டிருப்பார்கள். அவர் 'பெர்ஃப்' கருவியை வைத்துப் பார்த்தார். நேரம் சுருக்க நூலகமான லிப்எல்இசட்எம்ஏ-வில் போய்க்கொண்டிருந்தது. சில வாரங்களுக்கு முன் பார்த்த வால்கிரைண்ட் முறையீடு ஒன்று நினைவுக்கு வந்தது. தோண்டினார். அந்த நூலகம் அடங்கிய எக்ஸ்இசட் தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு வைத்த பின்கதவு வெளிப்பட்டது. மார்ச் 29 அன்று அவர் அதை உலகுக்கு அறிவித்தார். அன்று அவர் ரீபூட் செய்துவிட்டு நகர்ந்திருந்தால் தாமதமும் போயிருக்காது, பின்கதவும் போயிருக்காது.

எல்லோரும் ஃப்ராய்ண்ட் ஆக முடியாது, அதற்கு நேரமும் இல்லை என்பது நியாயமான மறுப்பு. மேலாளர்களும் சர்வர் எத்தனை நிமிடத்தில் எழுந்தது என்பதைத்தான் அளக்கிறார்கள். அதே கோளாறு எத்தனை முறை திரும்பி வந்தது என்பதை அளப்பவர் குறைவு. என் பார்வையில் இந்த வழக்கத்தின் பெரிய குறை ரீபூட் அல்ல, ரீபூட் தடயத்தை அழிப்பது. நினைவகத்தில் என்ன இருந்தது, எந்த நிரல் எதற்காகக் காத்திருந்தது, கெர்னல் கடைசியாக என்ன சொன்னது எல்லாம் அதோடு போய்விடுகின்றன. லினக்ஸோ தன்னை மறைக்காத அமைப்பு. ஓடும் நிரல்களைக் கோப்புகளைப் போலத் திறந்து பார்க்கலாம் என்ற, இன்று லினக்ஸிலும் உள்ள 'ப்ராக்' யோசனையை பெல் ஆய்வகத்தின் டாம் கில்லியன் 1984-இலேயே எழுதினார். பார்க்கக் கொடுத்து வைத்திருப்பதைப் பார்க்காமல் அணைக்கிறோம்.

இதற்கு நடைமுறையான வழியை லாஸ் கேடோஸ் நகரின் நெட்ஃபிளிக்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக் 2015-இல் காட்டினார்: முதல் 60 வினாடிகளில் ஓட்ட வேண்டிய பத்துக் கட்டளைகள். அப்டைம், டிமெசேஜ், விஎம்ஸ்டாட், ஐஓஸ்டாட், ஃப்ரீ, டாப் என்று எல்லாம் நாம் அறிந்தவையே. அவற்றின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துவிட்டு அதன் பிறகு ரீபூட் செய்தால் வாடிக்கையாளருக்கும் நஷ்டமில்லை, காலையில் காரணம் தேடுகிறவருக்கும் கையில் ஏதோ இருக்கும். எந்த நெருக்கடியிலும் அந்த ஒரு நிமிடம் கிடைக்கும்.

ஆன்-கால் முறை உங்களுக்கு வருவதற்குள் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். உங்கள் சர்வரில் 'வார்' அடைவின் 'லாக்' பகுதிக்குள் 'ஜர்னல்' என்ற அடைவு இருக்கிறதா என்று பாருங்கள். பல இயந்திரங்களில் அது இல்லாததால் சிஸ்டம்டியின் ஜர்னல் பதிவுகள் நினைவகத்திலேயே இருந்து ரீபூட்டோடு அழிகின்றன. அந்த அடைவை உருவாக்கி ஜர்னல் சேவையை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிட்டால் போதும்.