எல். ஆர். ஈஸ்வரியின் தொடக்கக்காலத் திரைப்பாடல்கள்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் திருவொற்றியூர், சாத்தாங்காடு, எண்ணூர்ப் பகுதிகளில் கூழ் வார்க்கும் பந்தல்களில் ஒலிபெருக்கி கட்டியதும் முதலில் கேட்பது பெரும்பாலும் எல். ஆர். ஈஸ்வரியின் குரல்தான். இன்றைய இளைஞர்களுக்கு அவர் அம்மன் பாட்டுப் பாடுபவர். அவர்களுடைய தாத்தா பாட்டிமாருக்கு 'எலந்தப்பழம்' (பணமா பாசமா, 1968) பாடியவர். இந்த இரண்டு அடையாளங்களுக்கும் முன்னால், 1961 முதல் 1967 வரை அவர் பாடியவற்றை ஒரு தொகுதியாக வைத்துக் கேட்பவர்கள் குறைவு. அப்பாடல்கள் பி. சுசீலாவின் பாடல்களாகவோ, விஸ்வநாதன் ராமமூர்த்தியின் பாடல்களாகவோதான் நினைவில் நிற்கின்றன.

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஈஸ்வரியின் தாயார் திரைப்படங்களில் கோரஸ் பாடியவர். மகளும் அவ்வழியிலேயே ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து, 'மனோகரா' (1954) படத்தில் கோரஸ் குரல்களில் ஒன்றாகப் பாடினார். கே. வி. மகாதேவன் இசையமைத்த 'நல்ல இடத்து சம்பந்தம்' (1958) படத்தில் தனிப்பாடல்கள் கிடைத்தன. எம். எஸ். ராஜேஸ்வரி என்ற பாடகி ஏற்கெனவே புகழுடன் இருந்ததால், ராஜேஸ்வரி என்ற பெயரை எல். ஆர். ஈஸ்வரி என்று மாற்றியவர் ஏ. பி. நாகராஜன். புதுப்பெயர் கிடைத்தும் உடனே புகழ் வரவில்லை. இன்னும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

'பாசமலர்' (1961) படத்தின் 'வாராயென் தோழி' அந்தக் காத்திருப்பை முடித்தது. இன்றும் திருமண வீடுகளில் ஒலிக்கும் பாடல் அது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மணப்பெண்ணாக வரும் சாவித்திரிக்கு இப்பாடலில் குரல் இல்லை. பாடுபவள் தோழி. ஈஸ்வரி முன்னே சென்று அழைக்க, பின்னால் கோரஸ் தொடர்கிறது. கோரஸில் பல ஆண்டுகள் நின்றவர் என்பதால், கூட்டத்துக்கு எங்கே இடம்விட வேண்டும், எங்கே அதை இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேலி இருக்கிறது, ஆனால் குரல் எங்கும் எல்லை மீறவில்லை.

அதன் பிறகு தோழியாகவும், இரண்டாம் பெண்ணாகவும், போட்டியாளராகவும் சுசீலாவுக்குப் பக்கத்தில் நிற்பது ஈஸ்வரியின் பணியாயிற்று. 'பாத காணிக்கை' (1962) படத்தின் 'உனது மலர் கொடியிலே', 'பச்சை விளக்கு' (1964) படத்தின் 'தூது சொல்ல ஒரு தோழி', 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) படத்தின் 'மலருக்குத் தென்றல்', 'இரு மலர்கள்' (1967) படத்தின் 'கடவுள் தந்த' ஆகிய நான்கையும் வரிசையாகக் கேட்டால், தமிழ்த் திரையிசை இரு பெண்குரல்களை எப்படிப் பங்கிட்டது என்பது விளங்கும்.

இவற்றுள் சிறந்தது 'உனது மலர் கொடியிலே'. ஒருவனை விரும்பும் இரு பெண்கள் மாறி மாறிப் பாடும் பாடல். சுசீலாவின் குரல் நூல் பிடித்தாற்போல் நேராகச் செல்லும். ஈஸ்வரியின் குரலில் சற்றே கனமும் மூச்சின் ஈரமும் உண்டு. அக்காலத்தில் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் பாடி வாசித்துப் பதிவு செய்வதே வழக்கம். குரலைப் பிறகு தனியே கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. அந்த நிலையில், சுசீலாவை மிஞ்சவும் முயலாமல், அவருக்குள் கரைந்தும் போகாமல் ஈஸ்வரி பாடியிருப்பது எளிய செயல் அன்று. 'மலருக்குத் தென்றல்' பாடலிலோ துள்ளல் என்பது மருந்துக்கும் இல்லை. சரோஜாதேவிக்குச் சுசீலா, ரத்னாவுக்கு ஈஸ்வரி எனப் பாடும் அந்தச் சோகப் பாட்டில், இருவர் துயரமும் சம எடையுடன் நிற்கிறது.

ஆனால் திரையுலகம் இந்தக் குரலை வேறு பக்கம் இழுத்தது. 'கருப்புப் பணம்' (1964) படத்தின் 'ஆடவரெல்லாம்', 'வல்லவன் ஒருவன்' (1966) படத்தின் 'பளிங்கினால் ஒரு மாளிகை' ஆகியவை பெற்ற வெற்றிக்குப் பின், நடன விடுதிக் காட்சி என்றால் ஈஸ்வரி என்றாயிற்று. இந்தித் திரையில் லதாவுக்கும் ஆஷாவுக்கும் நேர்ந்த பங்கீட்டின் தமிழ் வடிவம் இது. இப்பாடல்கள் தாழ்ந்தவை என்று சொல்வது தவறு. தாளத்துக்குச் சற்றே பின்தங்கி வந்து சேர்ந்துகொள்ளும் அழகை அவற்றில்தான் கேட்கிறோம். குறை பாடலில் இல்லை. கற்புள்ள கதாநாயகிக்கு ஒரு குரல், ஆடுபவளுக்கு ஒரு குரல் என்று பிரித்த கதையமைப்பில் இருக்கிறது. கதாநாயகியின் தனிப்பாடல் ஈஸ்வரிக்கு அரிதாகவே கிடைத்தது.

வி. குமார் இசையில் வந்த 'காதோடுதான்' (வெள்ளி விழா, 1972) பாடலை, ஈஸ்வரி மென்மையாகப் பாடிய விதிவிலக்கு என்று பலரும் பாராட்டுவார்கள். பாராட்டு சரி, 'விதிவிலக்கு' என்பது சரியில்லை. பத்தாண்டுகளுக்கு முன்பே 'பாத காணிக்கை'யில் அந்த மென்மை இருக்கிறது. தனியே பாட விட்டவர்கள்தான் இல்லை.

மாணவர்கள் இப்பாடல்களை இணையத்தில் எளிதாகக் கேட்கலாம். முதல் முறை காட்சியைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்பது நல்லது. 'வாராயென் தோழி' காட்சியில் சாவித்திரியை விட்டுக் கண் நகராது; பாடுபவளைக் கவனிக்க முடியாது.