வன்பரணர் கண்ட இரு வேட்டைகள்

வல்வில் ஓரியின் வேட்டையை அறியாத தமிழ் மாணவர் அரியர். கொல்லிமலைத் தலைவனாகிய அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிக் கலைமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிடத்து உடும்பிற் சென்று தைத்தது என்னும் செய்தி தேர்வு விடைத்தாள்களில் தவறாது இடம்பெறும். அது புறநானூற்றின் 152ஆம் பாடல், பாடியவர் வன்பரணர். அதே புலவர் அதே நூலின் 150ஆம் பாடலில் மற்றொரு வேட்டுவனைப் பாடியுள்ளார். அதற்கு வகுப்பறையில் அத்துணைச் செல்வாக்கில்லை. நள்ளியின் கொடைக்குச் சான்று என்று ஒரு தொடரில் கூறிவிட்டு, கடையெழு வள்ளல்கள் பட்டியலுக்கு ஆசிரியர் கடந்து சென்றுவிடுகிறார். வேட்டைப் பாடல் என்னும் வகையில் நோக்கின், இரண்டனுள் ஆழமானது இதுவே.

இப்பாடலில் அம்பு பறப்பதில்லை. மான் விழுவதும் காட்டப்படவில்லை. வேட்டை முடிந்தபின்னரே வேட்டுவன் தோன்றுகிறான். மான் கூட்டத்தைத் தொலைத்த குருதி அவன் காற்கழலிற் படிந்திருக்கிறது. வென்ற வேட்டைக்கு இந்த ஓர் அடையாளமே போதும் எனப் புலவர் கருதினார் போலும்.

ஏன் இவ்வாறு அமைத்தார்? பாடலிற் பேசும் புலவர் இருக்கும் நிலையைக் கருதினால் விடை கிடைக்கும். கூதிர்க் காலத்துப் பருந்தின் சிறகுபோல் நைந்த கந்தலை உடுத்து, பலாமரத்தடியில், தன்னையே மறந்து சோர்ந்திருக்கிறார் அவர். பசித்தவன் கண் வேட்டையைத் தேடி அலைவதில்லை. நிலத்தில் அமர்ந்திருப்பவருக்கு வந்தவனின் கால்தான் முதலிற் புலப்படும்; பிறகே தலை. பாடலும் குருதிக் கழலை முதலிற் கூறி, சென்னியில் ஒளிரும் மணியைப் பின்னர்க் கூறுகிறது. வருணனைக்காக அடுக்கிய அடைகளாக இவற்றைப் பதவுரை சொல்லிக் கடந்துவிட்டால், இந்தப் பார்வையின் ஒழுங்கு மாணவனுக்குக் கிட்டாமலே போய்விடும்.

வந்தவனை இன்னான் என அறியாத புலவர், வல்வில் ஏந்திய ஒரு வேட்டுவன் என்றே சொல்கிறார். ஓரியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட அந்த ‘வல்வில்’ இங்குப் பெயரற்ற ஒருவனுக்கு வாய்க்கிறது. தொழுதெழ முயன்றவரை அவன் கையசைத்து அமர்த்துகிறான். அவனுடைய இளையர் காட்டுவழியில் திசை மயங்கி இன்னும் வந்து சேரவில்லை. அவர்கள் வருமுன்பே தானே தீக்கடைந்து, நெய்விழுது போன்ற வெண்ணிணத் தசையை விரைந்து சுட்டு, சுற்றத்தோடு உண்க என்று தருகிறான். ‘வல்லே’, ‘ஒய்யென’, ‘விரைவனன்’ என விரைவு குறித்த சொற்கள் இப்பகுதியில் நெருங்கி நிற்பதைக் காண்க. ஓரி பாட்டில் விரைவு அம்பினுடையது. ஐந்து உயிர்களைக் கடந்து அது செல்கிறது. இங்கே விரைவு தீக்கடையும் கையினுடையது. வில்லாளியின் கைத்திறன் குறி தப்பாமையோடு முடிந்துவிடாமல், பிறர் பசியை நோக்கித் திரும்பும் இடம் இது.

இதனைக் கற்பிக்கும்போது சிலர் குருதியையும் நிணத்தையும் மெல்ல விலக்கிவிட்டு, ஆரமும் கடகமும் அளித்த செய்தியை மட்டும் எடுத்துரைப்பதுண்டு. கொலையைப் போற்றலாகாது என்னும் நல்லெண்ணம் அதற்குக் காரணமாகலாம். ஆயினும் அது பாட்டை முடமாக்குகிறது. ஒரு மான் அன்று, மான் கணமே தொலைந்தது. அதனாலன்றோ புலவரின் பெருஞ்சுற்றம் முழுவதும் உண்ண முடிந்தது? அணிகலன்கள் பசி தீர்ந்து, அருவி நீர் பருகி, விடைபெறத் தொடங்கிய பின்னரே வருகின்றன. காட்டு நாட்டவராகிய எம்மிடம் வேறு அரிய கலம் இல்லை என்ற சொல்லோடு வருகின்றன. உணவை நீக்கி அணியை மட்டும் காட்டினால், நள்ளி அரண்மனை வாயிலிற் பரிசில் வழங்கும் எத்தனையோ மன்னருள் ஒருவனாகிவிடுவான்.

ஓரி பாட்டிலும் மானிறைச்சி உண்டு. அதனோடு மதுவும் பொன்னும் மணியும் உண்டு. அங்கே புலவர் வேட்டுவனைக் கண்டவுடனே ஐயுறுகிறார்; இவன் விலைக்கு ஊன் விற்பவன் அல்லன், ஓரியோ என்று எண்ணி, விறலியரை இசைக்கச் செய்து தாமே பாடுகிறார். தன் பெயர் கேட்டு அவன் நாணுகிறான். நயமான நாடகந்தான், எனினும் புலவர் அங்குத் தம் திறமையை அறிந்தே இயங்குகிறார். நள்ளியிடம் அவர் கேட்பதெல்லாம் நாடும் பேரும்; இரண்டையும் அவன் சொல்லவில்லை. வழியிற் பிறர் சொல்லவே தோட்டி மலைத் தலைவன் நள்ளி என அறிகிறார்.

குறை ஒன்று கூறலாம். இரும்பாற் செய்யப்படாத தோட்டி என மலைப்பெயரையும் யானைத் தோட்டியையும் இணைத்து முடிவில் ஆடும் சொல்விளையாட்டு, அதுவரை பேசிய பசித்த குரலுக்கு ஒவ்வாத புலமை. பெயரோடு நின்றிருந்தால் பாட்டு இன்னும் இறுகியிருக்கும்.

வழி தவறிய இளையரைப் பற்றிப் பாடல் மீண்டும் பேசவேயில்லை. அவர்கள் வந்து சேர்ந்தபோது அன்றைய வேட்டையில் அவர்களுக்கு எஞ்சியது எவ்வளவு என்பதை, வயிறு நிறைந்த புலவர் கேட்கவுமில்லை.