கவிதைக்கு ரஷ்யம், உரைநடைக்கு ஆங்கிலம்: ஜோசப் பிராட்ஸ்கியின் வாழ்வும் பணியும்

இருபதாம் நூற்றாண்டு ரஷ்யக் கவிதையில் கணிசமான பகுதி ரஷ்யாவுக்கு வெளியே எழுதப்பட்டது. 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் பின் பெர்லின், பிராகா, பாரிஸ் முதலிய நகரங்களில் குடியேறியவர்களை முதல் அலை என்றும், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளியேறியவர்களை இரண்டாம் அலை என்றும், 1970களில் சோவியத் ஒன்றியத்தை விட்டுச் சென்றவர்களை மூன்றாம் அலை என்றும் ஆய்வாளர் வகுப்பர். முதல் அலையைச் சேர்ந்த விளாதிஸ்லாவ் ஹொதாசேவிச் கடைசிவரை ரஷ்ய மொழியிலேயே எழுதி 1939இல் பாரிஸில் மறைந்தார். மரீனா ஸ்வெதாயெவா அதே ஆண்டு தாயகம் திரும்பி, 1941இல் தற்கொலை செய்துகொண்டார். விளாதிமிர் நபோகோவ் அமெரிக்கா சென்று ஆங்கில நாவலாசிரியரானார். தாய்மொழியைப் பற்றி நிற்றல், திரும்பிச் செல்லல், மொழி மாறல் என்னும் இம்மூன்று வழிகளுள் எதையும் முழுமையாக ஏற்காமல், கவிதையைப் பெரும்பாலும் ரஷ்ய மொழிக்கும் உரைநடையை ஆங்கிலத்துக்கும் பங்கிட்டுக்கொண்டவர் மூன்றாம் அலையின் ஜோசப் பிராட்ஸ்கி. அந்தப் பங்கீடு எவ்வாறு அமைந்தது, அதனால் அவர் பெற்றதும் இழந்ததும் எவை என்பன இங்கு ஆராயப்படுகின்றன.

விசாரணையும் வெளியேற்றமும்

1940 மே 24 அன்று லெனின்கிராடில் யூதக் குடும்பமொன்றில் பிறந்த பிராட்ஸ்கி, பதினைந்தாம் வயதில் பள்ளியை விட்டு விலகி, ஆலைத் தொழிலாளியாகவும் பிணவறை உதவியாளராகவும் நிலவியல் ஆய்வுக் குழுக்களில் கூலியாளாகவும் வேலை பார்த்தார். போலிஷ் மொழியையும் ஆங்கிலத்தையும் தாமாகவே கற்றார். 1961இல் மூத்த கவிஞர் அன்னா அக்மதோவாவின் அறிமுகம் கிடைத்தது. அச்சில் வெளிவந்த கவிதைகள் மிகச் சிலவே எனினும், தட்டச்சுப் படிகளாகக் கைமாறிப் பரவும் 'சமிஸ்தாத்' என்னும் தணிக்கைக்கு உட்படாத வழக்கத்தின் வாயிலாக அவர் பெயர் நகரில் பரவியது.

1963 நவம்பரில் உள்ளூர் மாலை நாளேடொன்று அவரை இலக்கிய உலகின் ஓரத்தில் ஒட்டிப் பிழைப்பவர் என்று இகழ்ந்து எழுதியது. 1964 பிப்ரவரியில் அவர் கைது செய்யப்பட்டார். சமூகத்துக்குப் பயன்படும் உழைப்பில் ஈடுபடாதவர்களை 'ஒட்டுண்ணிகள்' எனக் கருதி நாடு கடத்தாமல் உள்நாட்டின் தொலைதூரப் பகுதிகளுக்கு அனுப்ப இடமளித்த 1961ஆம் ஆண்டு ஆணையின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றத்தில் அமர்ந்து உரையாடலைக் குறிப்பெடுத்த பத்திரிகையாளர் ஃபிரீதா விக்தோரவாவின் பதிவு, பின்னர் மேலை நாடுகளை எட்டியது. அவரைக் கவிஞரென ஏற்றுக்கொண்டது யார் என நீதிபதி கேட்டதும், மனித குலத்தில் தம்மைச் சேர்த்தவர் யார் எனப் பிராட்ஸ்கி திருப்பிக் கேட்டதும், கவிதை கல்வியால் வருவதன்று, இறைவனிடமிருந்து வருவது எனத் தயக்கத்தோடு கூறியதும் அப்பதிவால் உலகறிந்தவை. ஐந்தாண்டுக் கட்டாய உழைப்புத் தண்டனை பெற்ற அவர், ஆர்ஹாங்கெல்ஸ்க் பகுதியின் நோரென்ஸ்கயா சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். அக்மதோவா, இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச் முதலியோரின் முறையீடுகளும் வெளிநாட்டு எதிர்ப்பும் சேர்ந்ததால் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் விடுதலையானார்.

பண்ணை வேலைக்கிடையே அங்கு அவர் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பொன்றை அகராதியின் துணையோடு படித்தார். 1965 ஜனவரியில் டி. எஸ். எலியட் இறந்தபோது, யேட்ஸின் மறைவுக்கு டபிள்யூ. எச். ஆடன் எழுதிய இரங்கற்பாவின் வடிவத்தைப் பின்பற்றி ரஷ்ய மொழியில் ஓர் இரங்கற்பா இயற்றினார். ஆகவே ஆங்கிலக் கவிதையோடு அவர் கொண்ட உறவு குடிபெயர்வால் விளைந்ததன்று. அதற்கு ஏழாண்டு முந்தியது.

1972 மே மாதம் குடிபெயர்வு அலுவலகம் அவரை அழைத்து வெளியேறுமாறு வற்புறுத்தியது. ஜூன் 4 அன்று அவர் வியன்னாவுக்கு விமானமேறினார். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஆர்டிஸ் பதிப்பக நிறுவனருமான கார்ல் புரோஃபர் அங்கு அவரை எதிர்கொண்டு, அருகிலிருந்த சிற்றூரில் வாழ்ந்த ஆடனிடம் அழைத்துச் சென்றதோடு, தம் பல்கலைக்கழகத்தில் ஒரு பணியையும் பெற்றுத் தந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவர் அப்பல்கலைக்கழகம் அமைந்த ஆன் ஆர்பரிலும், பின்னர் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியிலும் கவிதை கற்பிக்கலானார். 1977இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

மொழிப் பங்கீடு

அதே 1977ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க்கின் ஆறாம் அவென்யூவில் ஒரு சிறு கடையில் லெட்டெரா 22 என்னும் கையடக்கத் தட்டச்சுப் பொறியை வாங்கி ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியதாகப் பிராட்ஸ்கி பதிவு செய்திருக்கிறார். நான்காண்டுக்கு முன் மறைந்த ஆடனின் மனத்தோடு நெருங்கியிருக்க வேண்டும் என்பதே அவர் கூறிய காரணம். பிழைப்புத் தேவையையோ புகழையோ அவர் காரணமாகக் காட்டவில்லை. இவ்வாறு பிறந்த கட்டுரைகளின் தொகுப்பான 'லெஸ் தேன் ஒன்' 1986இல் வெளிவந்து தேசியப் புத்தக விமர்சகர் வட்ட விருதைப் பெற்றது.

அத்தொகுப்பின் இறுதிக் கட்டுரை அவருடைய பெற்றோரைப் பற்றியது. லெனின்கிராடில் பல குடும்பங்கள் சமையலறையையும் கழிப்பறையையும் பொதுவில் பயன்படுத்திய அடுக்கக வீட்டில், அக்குடும்பத்துக்கு வாய்த்த ஒன்றரை அறையே அதன் களம். அந்த அரை அறையை அலமாரிகளாலும் புத்தகங்களாலும் தடுத்துத் தமக்கென ஓரிடம் அமைத்துக்கொண்டதை மகன் விவரிக்கிறார். மகனைப் பார்க்கப் பெற்றோர் பலமுறை அனுமதி கேட்டும் அரசு மறுத்துவிட, தாய் 1983இலும் தந்தை 1984இலும் இறந்தனர். அவர்களைச் சிறைப்படுத்திய அரசின் மொழியில் அவர்களைப் பற்றி எழுதினால் அச்சிறை நீடிக்கும் என்பதால் ஆங்கிலத்தில் எழுதுவதாக அக்கட்டுரையிலேயே அவர் விளக்குகிறார். பிற மொழி இங்கு தாய்மொழிக்கு மாற்றாக வரவில்லை. தாய்மொழி தர இயலாத ஒரு விடுதலையைத் தர வருகிறது.

தன்மொழிபெயர்ப்பும் எதிர்ப்பும்

கவிதையில் நிலைமை வேறு. ரஷ்ய யாப்பு, அழுத்தம் பெறும் அசையும் பெறாத அசையும் ஒழுங்காக மாறிவரும் அமைப்பினது. அடியிறுதியில் ஒலி ஒன்றிவரும் இயைபு அதில் வலிமையானது. பெயரும் வினையும் விகுதி ஏற்று உருமாறுவதாலும் சொல்வரிசை நெகிழ்வதாலும் ரஷ்யத்தில் இயைபு எளிதில் அமைகிறது. விகுதிகள் குறைந்து சொல்வரிசை இறுகிய ஆங்கிலத்தில் அது அரிது; ஈரசை இயைபோ ஆங்கிலச் செவிக்குப் பெரும்பாலும் நகைச்சுவைப் பாட்டாகவே ஒலிக்கிறது. ஆயினும் வடிவத்தைக் கைவிட்ட மொழிபெயர்ப்பைப் பிராட்ஸ்கி ஏற்கவில்லை. 1980இல் வந்த 'எ பார்ட் ஆஃப் ஸ்பீச்' தொகுப்பில் ரிச்சர்ட் வில்பர், டெரக் வால்காட் போன்றோர் மொழிபெயர்த்தனர். டேனியல் வெய்ஸ்போர்ட் செய்த மொழிபெயர்ப்பைப் பிராட்ஸ்கி பெரிதும் திருத்தியதால் இருவருக்கும் மனத்தாங்கல் நேர்ந்தது. 1988இல் வந்த 'டு யுரேனியா' தொகுப்பில் அவர் தாமே பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரானார்.

பிரிட்டிஷ் கவிஞர்களான கிறிஸ்டோபர் ரீடும் கிரெய்க் ரெய்னும் இவ்வாங்கிலக் கவிதைகளைக் கடுமையாகச் சாடி, மரபுத்தொடர்கள் பிறழ்வதையும் இயைபுக்காகச் சொற்கள் வலிந்து புகுவதையும் சுட்டினர். ஷேமஸ் ஹீனியும் வால்காட்டும் அவர் பக்கம் நின்றனர். வெய்ஸ்போர்ட் பிற்காலத்தில் நூலொன்றில் தம் பழைய கருத்தை மறுபரிசீலனை செய்து, ரஷ்ய ஓசையை ஆங்கிலத்துக்குள் கேட்கவைக்கும் முயற்சியாக அவற்றைக் காண முயன்றார். ரீடும் ரெய்னும் ஆங்கிலக் கவிதையின் அளவுகோலால் அளந்தார்கள்; வெய்ஸ்போர்ட் மொழிபெயர்ப்பின் அளவுகோலால் அளந்தார்.

புகழும் குறைகளும்

1987இல் நாற்பத்தேழாம் வயதில் நோபல் பரிசு பெற்ற பிராட்ஸ்கியின் கவிதைகளை அவ்வாண்டு டிசம்பரில் 'நோவி மிர்' இதழ் சோவியத் வாசகர்களுக்கு அளித்தது. 1991இல் அமெரிக்க அரசவைக் கவிஞராக நியமிக்கப்பட்டபோது, கவிதை நூல்களை மலிவாகப் பெருந்தொகையில் அச்சிட்டுப் பல்பொருள் அங்காடிகளிலும் விடுதி அறைகளிலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று வாதிட்டார். அதையொட்டி எழுந்த திட்டமொன்று கவிதை நூல்களை இலவசமாக வழங்கியது.

புலம்பெயர்வைப் பற்றிய அவருடைய உரையொன்று, துருக்கியக் கூலித் தொழிலாளர்களையும் படகேறித் தப்பிய வியட்நாமியரையும் முன்னிறுத்தி, எழுத்தாளர் தம் துயரத்தைப் பெரிதுபடுத்தலாகாது என வற்புறுத்துகிறது. இத்தகைய அடக்கம் எல்லா இடத்திலும் காணப்படவில்லை. இஸ்தான்புல்லைப் பற்றிய கட்டுரையில் கீழைநாட்டார்மீது ஏளனம் தொனிக்கிறது. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் உக்ரைனின் விடுதலையைப் பழித்து எழுதி, அவையில் படித்தும் நூலில் சேர்க்காமல் விட்ட கவிதையில் பேரரசுக் குரல் வெளிப்படையாகவே ஒலிக்கிறது. பேரரசால் துரத்தப்பட்டவரிடமும் பேரரசின் பார்வை எஞ்சியிருக்கக்கூடும் என்பதற்கு இவை சான்று.

தடை நீங்கிய பின்னும் ரஷ்யாவுக்குத் திரும்பாத அவர், 1996 ஜனவரி 28 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் மாரடைப்பால் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் உடல் வெனிஸின் சான் மிக்கேல் தீவில் நல்லடக்கம் செய்யப்பட்டது.

தொகுத்து நோக்கின், பிராட்ஸ்கியின் ரஷ்யக் கவிதை, ஆங்கில உரைநடை, ஆங்கிலக் கவிதை ஆகிய மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவதே அவரைப் பற்றிய விவாதங்களில் குழப்பத்தை விளைவித்திருக்கிறது. முதலாவது அவர் மரபின் உச்சங்களுள் ஒன்று. இரண்டாவது அயல்மொழியில் ஒருவர் அடைந்த அரிய வெற்றி. மூன்றாவது துணிவான, ஆனால் முழுமையாகக் கைகூடாத சோதனை. ரஷ்ய மொழி அறியாத வாசகர் அவரை அணுகக் கவிதைகளைவிடக் கட்டுரைகளே சரியான வாயில்; அதிலும் பெற்றோரைப் பற்றிய கட்டுரையிலிருந்து தொடங்குவது நன்று.