வாயிற் கதவும் வகுப்பறையும்

மூன்று வயதுக் குழந்தைக்குப் பாலர் பாடசாலை தேடும் பெற்றோர் இருவர் சந்தித்துக்கொண்டால், முதலிற் பிறக்கும் கேள்வி, “அங்கே குழந்தைகளுக்கு என்ன செய்கிறார்கள்?” என்பதன்று, “அங்கே இடம் கிடைக்குமா?” என்பதே. இடம் கிடைப்பது எவ்வளவுக்கு அரிதோ அவ்வளவுக்கு அப்பாடசாலை உயர்ந்தது என்ற முடிவு ஆராயாமலே ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. படித்த மத்தியதர வர்க்கத்தினரே இதற்கு முதலிற் பலியாகின்றனர். இந்த நம்பிக்கையைச் சற்று உரசிப் பார்ப்பது நமது கடமையென எண்ணுகிறோம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. இதன் முற்றிய வடிவத்தைக் காண நியூயோர்க் நகரின் மன்ஹாற்றன் பகுதிக்குச் செல்லவேண்டும். அங்கே ஜக் குறுப்மன் என்ற புகழ்பெற்ற பங்குச்சந்தை ஆய்வாளர், 1999 நவம்பரில், ஏ.ரி. அன்ட் ரி என்னும் தொலைபேசிக் கம்பெனியின் பங்குகளுக்குத் தாம் அதுவரை வழங்கிவந்த மதிப்பை உயர்த்தி, அவை வாங்கத்தக்கவை என அறிவித்தார். அதே மாதத்தில், சிற்றி குழுமத்தின் தலைமையில் இருந்த சன்போர்ட் வைலுக்கு அவர் எழுதிய குறிப்பொன்றில், தமது இரட்டைக் குழந்தைகளைத் தொண்ணூற்றிரண்டாம் வீதியிலுள்ள ஒரு பாலர் பாடசாலையிற் சேர்க்க உதவும்படி வேண்டியிருந்தார். அக்கம்பெனியின் விடயமும் அதே குறிப்பில் இருந்தது. கணக்குப்படி பார்த்தால் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இடம் பெறுவது இதைவிட எளிது என்றும் அவர் எழுதியிருந்தார்! அப்பாடசாலையை நடத்தும் நிறுவனத்துக்குச் சிற்றி குழுமத்தின் சார்பில் பத்து இலட்சம் டொலர் நன்கொடை வாக்களிக்கப்பட்டது. குழந்தைகளுக்கும் இடம் கிடைத்தது. 2002இல் இச்செய்தி வெளிவந்தபோது, ஒன்றுக்கு மற்றது கைமாறாக நடக்கவில்லை என்றே சம்பந்தப்பட்டோர் கூறினர். மறு ஆண்டில், முதலீட்டாளரைத் தவறான வழியிற் செலுத்தும் ஆய்வுகளை வெளியிட்டார் என்ற குற்றச்சாட்டுத் தொடர்பாக, ஒன்றரைக் கோடி டொலர் செலுத்தவும் ஆயுள் முழுவதும் அத்தொழிலை விட்டு விலகவும் குறுப்மன் இணங்கினார்.

பணக்காரர் ஊழல் என்று சொல்லி இதை ஒதுக்கிவிடலாம். நமக்கு முக்கியமானது வேறொன்று. இந்த விவகாரத்திலே பேசப்பட்ட எண்கள் யாவும் வாயிற் கதவைப் பற்றியவை: எத்தனை விண்ணப்பங்கள், எத்தனை இடங்கள், எத்தனை டொலர்கள். உள்ளே குழந்தையின் முற்பகல் எவ்வாறு கழிகின்றது என்பது அந்தக் கணக்கில் இல்லை.

நல்ல பாடசாலையின் வாயிலிலும் கூட்டம் கூடும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. இடங்கள் குறைவாயிருக்கலாம். அடுத்துள்ள பெரிய பாடசாலைக்கு அது படிக்கட்டு என்ற வதந்தி இருக்கலாம். அயலவர் தம் பிள்ளையை அங்கு விட்டிருக்கலாம். வரிசையின் நீளம் பெற்றோரின் அச்சத்தின் நீளமே.

நேர்முகப் பரீட்சையோ இன்னும் விசித்திரமானது. அறிமுகமற்ற ஒருவர் முன்னே மூன்று வயதுக் குழந்தை வாய் திறப்பதும் திறவாததும் அன்றைய உறக்கத்தையும் பசியையும் பொறுத்தது. அங்கே அளக்கப்படுவது பெரும்பாலும் வீடுதான்: வீட்டிலுள்ள புத்தகங்கள், தாயின் ஆங்கிலம், தந்தையின் உத்தியோகம். நியூயோர்க்கில் சிறு குழந்தைகளைப் பரீட்சித்துவந்த தனியார் பாடசாலைகளின் சங்கம், பணம் கொடுத்துப் பயிற்றப்பட்ட குழந்தைகள் பெருகியதால், பொதுப் பரீட்சையை 2013இற் கைவிடத் தீர்மானித்தது. நன்கு முளைத்த நாற்றை மட்டும் பொறுக்கி நட்டுவிட்டு, விளைச்சலுக்குத் தன் எருவைக் காரணம் காட்டும் கமக்காரனை நாம் நம்புவோமா?

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் அமெரிக்காவிலேயே உண்டு. 1962இல் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்ரி நகரில் தொடங்கிய பெரி பாலர் பாடசாலைத் திட்டம், வறிய கறுப்பினக் குடும்பங்களிலிருந்து, நுண்மதிப் பரீட்சையிற் குறைந்த புள்ளி பெற்ற குழந்தைகளையே தேடி எடுத்தது. எந்த நேர்முகப் பரீட்சையிலும் முதலில் விலக்கப்படக்கூடியவர்கள் அவர்கள்! 123 பேரில் 58 பேர் பாடசாலையிற் சேர்க்கப்பட்டனர். ஏனையோர் ஒப்பீட்டுக்காக வெளியே விடப்பட்டனர். ஓர் ஆசிரியைக்கு ஐந்தாறு குழந்தைகள். வார நாட்களில் தினமும் இரண்டரை மணி நேரம் வகுப்பு. வாரம் ஒருமுறை ஆசிரியை வீட்டுக்குச் சென்று தாயோடும் குழந்தையோடும் ஒன்றரை மணி நேரம் செலவிட்டார். நுண்மதிப் புள்ளியில் ஏற்பட்ட உயர்வு சில ஆண்டுகளில் மங்கிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் நாற்பது வயதுவரை தொடர்ந்து அவதானித்தபோது, பாடசாலை சென்றவர்கள் உயர்தரப் பள்ளியை முடித்ததிலும் வருமானத்திலும் மற்றவர்களை விஞ்சியிருந்தனர். கைதானவர்களும் அவர்களிடையே குறைவு. அங்கே வரிசை இல்லை, நன்கொடை இல்லை, தரம் இருந்தது.

நம்மவர் பாலர் பாடசாலைகளின் பலகைகளில் தாராளமாக எழுதிவைக்கும் “மொன்ரிசோரி” என்ற பெயரின் வரலாறும் இதுவே. மரியா மொன்ரிசோரி அம்மையார் 1907 ஜனவரி 6ஆம் திகதி தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது உரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பிலாகும். அக்கட்டடத்திற் குடியிருந்தோரின் பிள்ளைகளே அங்கு சேர்ந்தனர். குழந்தையைச் சுத்தமாக அனுப்ப வேண்டும், தாய் ஆசிரியையோடு ஒத்துழைக்க வேண்டும் என்பன போன்றவையே நிபந்தனைகள். அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டு மூன்று வயதினரைத் தட்டிக் கழிப்பவர்கள் தம் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பது நல்லது.

பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே. வரிசையிற் செலவிடும் பொழுதில் அரை மணி நேரத்தை வகுப்பறையின் மூலையிற் செலவிடுங்கள். அழும் குழந்தையை ஆசிரியை என்ன செய்கிறார்? குழந்தைகளின் கையில் மணலும் நீரும் களிமண்ணும் உண்டா, அல்லது பென்சிலும் வீட்டுவேலைக் கொப்பியும் மட்டுமா? அவர்கள் தாய்மொழியிற் பேசச் சிரிக்கிறார்களா, பயப்படுகிறார்களா? சென்ற ஆண்டு இருந்த ஆசிரியைகள் இந்த ஆண்டும் இருக்கிறார்களா? இவற்றிற்கு விடை தர மறுத்து வாயிலிலேயே பெற்றோரை நிறுத்திவிடும் பாடசாலை எத்தகைய பாடசாலை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனினும் முழுப் பழியையும் பெற்றோர் மீது சுமத்துவது நியாயமாகாது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியினால் நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் முதலாம் ஆண்டுக்கு முந்திய கல்வி பெரும்பாலும் தனியார் கையிலேயே இருந்துவருகின்றது. சந்தையில் விடப்பட்டதற்குச் சந்தையின் குணம் வந்துசேர்ந்தது.

மலையகத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவிலே, கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் காலையில் விட்டுச் செல்லும் குழந்தைக்கு நேர்முகப் பரீட்சை கிடையாது. இப்சிலாண்ரியில் எடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு ஒப்பானவர்கள் நம்மிடம் அங்கேதான் இருக்கின்றனர். ஒரு பராமரிப்பாளரின் பொறுப்பில் எத்தனை குழந்தைகள், அவர் பெற்ற பயிற்சி யாது, அவரது சம்பளம் எவ்வளவு என்பதைத் தோட்டந்தோட்டமாக விசாரித்து எழுத முன்வரும் ஆசிரிய நண்பர்களின் கட்டுரைகளுக்கு இவ்விதழின் பக்கங்கள் திறந்திருக்கின்றன.