வீட்டில் தைக்கும் சட்டைக்குச் சிங்கர் 15கே: ஒரு மதிப்பீடு

சட்டை ஒன்றின் தராதரத்தை அறிய விரும்புகிறவர் அதன் வெளிப்புற மினுக்கைப் பார்ப்பதைக் காட்டிலும், அதை உட்புறமாகத் திருப்பி, பக்கத் தையல் இடுப்பிலிருந்து ஏறி அக்குளைக் கடந்து கைக்குள் நுழையும் இடத்தைப் பார்ப்பதே உத்தமம். அங்கே பிசிறு தலைகாட்டாமல், மடிப்பு ஒரே அகலமாய், துணி சுருங்காமல் படிந்து கிடக்குமானால், தைத்தவர் கைதேர்ந்தவர் என்று நிச்சயிக்கலாம். அவ்விடத்தில் சுருக்கமும் பிசிறும் தென்படுமானால், காலர் எவ்வளவு விறைப்பாக நின்றாலும் பயனில்லை. வீட்டில் தைத்த சட்டையும் தேர்ந்த தையல்காரர் கையிலிருந்து வந்ததைப் போல விளங்கக்கூடும் என்பதும், நூறு விதத் தையல் போடும் இயந்திரத்தினும் நேர்த்தையல் ஒன்றைப் பிழையின்றிப் போடும் இயந்திரமே அதற்கு அதிகமாக உதவும் என்பதும் என் திடமான அபிப்பிராயம். அதற்கு ஆதாரமாக, மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கமுந்திங்கிலும் தைப்பிங் சுற்றுவட்டாரத்திலும் பழைய வீடுகளில் இன்னும் காணக்கிடைக்கும் கறுப்பு நிறச் சிங்கர் 15கே இயந்திரத்தைச் சட்டைத் தையலுக்கென்றே உபயோகித்துக் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

இயந்திரத்தின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பிணைத்துக்கொள்ளும் பூட்டுத்தையலுக்கு எலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் 1846இல் காப்புரிமை பெற்றார். ஐசக் மெரிட் சிங்கர் 1851இல் தம் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். 1856 முதல் அவருடைய கம்பெனி இயந்திரங்களைத் தவணை முறையில் விற்கத் தொடங்கவே, கையில் மொத்தப் பணம் இல்லாத குடும்பங்களும் இயந்திரம் வாங்குவது சாத்தியமாயிற்று. 15 என்பது வகையின் இலக்கம். 'கே' என்னும் எழுத்து, ஸ்காட்லாந்து தேசத்துக் கிளைட்பேங்க் நகரில் 1980 வரை நடைபெற்ற கில்போவி ஆலையில் அது செய்யப்பட்டதைக் குறிக்கும். இயந்திர நாகரிகத்தின்மேல் அவ்வளவு ஐயம் கொண்டிருந்த காந்தியடிகள், 1924இல் டில்லியில் ஜி. ராமச்சந்திரன் என்பவரோடு நடத்திய சம்பாஷணையில், விலக்களிக்கத் தக்கதென்று இந்தச் சிங்கர் தையல் இயந்திரத்தைத்தான் உதாரணம் காட்டினார். நம் பேராக் மாநிலத்துத் தோட்டங்களிலும், விடியுமுன் பால்மரம் வெட்டப் போய் மதியத்துக்குமேல் லயத்துக்குத் திரும்பிய பெண்கள், பிள்ளைகளின் பள்ளிச் சட்டையையும் தீபாவளித் துணியையும் தைத்து வீட்டுச் செலவைக் குறைத்தது இவ்வகை இயந்திரங்களின் துணையால்தான்.

நான் உபயோகித்தது மிதிகட்டை பூட்டிய, முன்னும் பின்னும் தைக்கும் நெம்புகோல் உள்ள பிந்திய மாதிரி. உடல் முழுவதும் வார்ப்பிரும்பு. ஒருவர் தனியே தூக்குவது எளிதன்று. ஆனால் அந்தக் கனமே அதன் முதற் குணம். மடித்த துணியின்மேல் ஊசி இறங்கும்போதும் மேசை அதிர்வதில்லை, அதிராத மேசைமேல் கையும் கோணுவதில்லை. சக்கரம் தைப்பவரை நோக்கிச் சுழல வேண்டும். பழகாதவர் மிதியை எதிர்த்திசையில் மிதித்தால் நூல் அறுந்துபோகும் என்பதால், முதலில் நூல் கோக்காமலே மிதித்துப் பழகுவது நலம். ஊசியின் தட்டைப் பக்கம் இடப்புறம் இருக்க, நூலை வலப்புறத்திலிருந்து இடப்புறமாகக் கோக்க வேண்டும். புது இயந்திரங்களில் முன்னிருந்து பின்னாகக் கோத்துப் பழகியவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

இனி தையலுக்கு வருவோம். வெள்ளைப் பாப்ளின் துணியைக் காட்டிலும் கடுமையான பரீட்சகர் இல்லை. நெருங்கிய நெசவுள்ள அத்துணியில் சிறு குற்றமும் சுருக்கமாக வெளிப்பட்டுவிடும். வளைதையல் போடும் தற்கால வீட்டு இயந்திரங்களில், ஊசி இடவலமாக ஆடவேண்டியிருப்பதால், ஊசித்தட்டில் அகன்ற வாய் ஒன்று வெட்டப்பட்டிருக்கும். மெல்லிய துணியை ஊசி அந்த வாய்க்குள் சற்றே அமுக்கி இழுப்பதே சுருக்கத்தின் முக்கியமான காரணங்களில் ஒன்று. 15கேயின் தட்டிலோ ஊசி நுழையும் அளவுக்கு மட்டுமே சிறிய வட்டத் துளை. துளையைச் சுற்றித் துணிக்கு நாற்புறமும் ஆதாரம் இருக்கிறது. துணியைத் தள்ளும் பற்களும் ஊசிக்கு அருகிலேயே நெருங்கி நிற்கின்றன. பாப்ளினில் இந்த இயந்திரம் இடும் தையல், கயிறு பிடித்துக் கோடு கிழித்ததுபோல் நேராகச் செல்கிறது.

எனினும் இயந்திரத்தை அப்படியே உட்கார்ந்து ஓட்டினால் இந்தப் பலன் கிட்டாது. பாப்ளினுக்கு 11ஆம் இலக்க ஊசியும், மிக மெல்லிய ரகத்துக்கு 10ஆம் இலக்க ஊசியும் போதும். தடித்த 14ஆம் இலக்க ஊசி நெசவின் இழைகளைப் பிரித்துத் தள்ளி, பக்கத்து இழைகளை நெரித்துச் சுருக்கத்தை உண்டாக்கும். அதே காரணத்தால், நூலும் 120ஆம் இலக்க மெல்லிய பாலியெஸ்டராக இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 12 முதல் 14 தையல் சாதாரணச் சட்டைக்குப் போதும். உயர்ந்த ரகச் சட்டைகளில் 18க்கு மேலும் உண்டு. தலைப்பாகத்தின் உச்சியிலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்திப் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இல்லையேல் பற்கள் கீழ்த்துணியை முன்னே கொண்டுபோக, பாதம் மேல்துணியைப் பிடித்து நிறுத்த, தையல் முடியும் இடத்தில் மேல்துணி நீண்டு நிற்கும். பாபின் கேஸை நூலால் தொங்கவிட்டு மெல்லச் சுண்டினால் அது சிறிதளவு இறங்கி நிற்க வேண்டும். அந்த நிலையில் கீழ் டென்ஷனை வைத்துவிட்டு, மேல் டென்ஷனை இரு நூல்களும் துணியின் நடுவே பூட்டிக்கொள்ளுமட்டும் திருகிச் சரிசெய்வதே முறை. இவ்வளவும் செய்தபின் வெட்டுத்துணியில் ஒரு தையல் போட்டு, இருபுறமும் ஒரே விதமாக இருப்பதைக் கண்ட பிறகே சட்டைத் துணியைப் பாதத்தின் கீழ் வைக்க வேண்டும்.

பக்கத் தையலில்தான் இந்த இயந்திரத்தின் முழுப் பெருமையும் பிரத்தியட்சமாகிறது. ஓவர்லாக் இயந்திரத்தால் ஓரம் அடித்த சட்டையில் பிசிறு கட்டுப்படுமேயன்றி மறையாது. இரட்டை மடிப்புத் தையலிலோ பிசிறு முழுவதும் உள்ளே புதைந்துவிடும், அதற்கு நேர்த்தையலைத் தவிர வேறெதுவும் வேண்டியதில்லை. முன்பாகமும் பின்பாகமும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று நோக்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து 5/8 அங்குலத்தில் முதல் தையலை இட வேண்டும். இட்ட தையலின்மேல் உடனே இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் நூல் துணிக்குள் அமர்ந்துவிடும். பிறகு பின்பாகத்து ஓரத்தைக் கால் அங்குலமாக நறுக்கி, முன்பாகத்து ஓரத்தை அதன்மேல் மடித்து, நறுக்கிய ஓரம் உள்ளே அடங்கும்படி பின்பாகத்தின் மீது படியவைத்து, மறுபடியும் இஸ்திரி போட்டு, மடிப்பின் விளிம்பிலிருந்து 1/16 அங்குலத்தில் இரண்டாம் தையலை ஓட்ட வேண்டும். 15கேயின் பாதம் குறுகலாக இருப்பதால், அதன் உள்விரலின் ஓரத்தை மடிப்பு விளிம்போடு ஒட்டி நடத்திச் செல்வது எளிதாகிறது. கண் ஊசியைப் பாராமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தால், தையல் தொடக்கம் முதல் முடிவு வரை விலகுவதில்லை. இம்மடிப்பைத் தானே மடித்துத் தைக்கும் தனிப்பாதமும் கிடைக்கிறது. நேரான பக்கத் தையலில் அது பிரயாசையைக் குறைக்கிறதாயினும், அக்குள் வளைவில் மடிப்பைச் சீராகப் பிடிப்பதில்லை. அவ்விடத்தில் இஸ்திரியும் விரல்களுமே உற்ற துணை.

அக்குளில் பக்கத் தையலும் சட்டைக் கையை இணைக்கும் தையலும் குறுக்கே சந்திக்கும்போது, ஏற்கெனவே நாலடுக்காக இருக்கும் துணி பன்மடங்கு தடித்து மேடாகிறது. சிறு சுத்தியலால் அந்த மேட்டைத் தட்டித் தட்டையாக்கி, மேட்டை ஏறும் தறுவாயில் பாதத்தின் பின்புறம் மடித்த துணித்துண்டு ஒன்றை அண்டைகொடுத்து, மிதியை விட்டுவிட்டு வலக்கையால் சக்கரத்தை ஒவ்வொரு தையலாகச் சுழற்றினால், வார்ப்பிரும்புப் பொறி சற்றும் தயங்காமல் ஏறி இறங்குகிறது.

வியாழக்கிழமைதோறும் அரசாங்க ஊழியர் பாத்திக் உடுத்தும் வழக்கம் நம் நாட்டில் இருப்பதால், பாத்திக் சட்டை தைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பருத்திப் பாத்திக்கை வெட்டுமுன் நனைத்து உலர்த்துவது அவசியம். இல்லாவிடில் முதல் சலவையில் துணி சுருங்க, நூல் சுருங்காமல் நிற்க, நேராக இட்ட தையல் அலையலையாகிவிடும். பொத்தான் பட்டியிலும் மார்புப் பையிலும் பூவும் கொடியும் அறுபடாமல் பொருந்த வேண்டுமாதலால், இரு துண்டுகளும் நகராமல் தைப்பதே இங்கே பெரும் சவால். பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்திய 15கே இதில் குறைவைக்கவில்லை.

காலர் முனையில் மிதிகட்டையின் அருமை விளங்குகிறது. முனையை நெருங்கும்போது தையலை அங்குலத்துக்கு 20ஆகக் குறுக்கி, முனையில் ஊசியை இறக்கிப் பாதத்தைத் தூக்கித் திருப்பி, குறுக்காக ஒரே ஒரு தையல் இட்டு, மறுபடி திருப்பி மேலே செல்ல வேண்டும். அந்த ஒற்றைத் தையல்தான் திருப்பிய காலரின் முனை கட்டியாகாமல் கூராக நிற்க இடம் தருகிறது. நினைத்த இடத்தில் ஊசியை நிறுத்துவது மிதிகட்டைக்காரருக்குச் சில வாரப் பழக்கத்திலேயே கைவந்துவிடும். அடிக்காலரை மேற்காலரினும் 1/8 அங்குலம் குறைத்து வெட்டினால், தையல் ஓரம் வெளியே எட்டிப்பாராமல் கீழ்ப்புறமாக மடங்கிக்கொள்ளும்.

குறைகளை மறைத்தல் விமர்சகனுக்கு அழகன்று. முதலாவது, காஜா. நேர்த்தையல் மட்டும் போடும் இவ்வியந்திரத்தால் தானே காஜா எடுக்க முடியாது. துணியை இடவலமாக ஆட்டிக் காஜா எடுக்கும் தனி உறுப்பு இதற்கென்றே உண்டு, பழைய சாமான் கடைகளில் தேடினால் அகப்படும். இல்லையேல் கையால் எடுக்க வேண்டும், அல்லது காஜா எடுத்துக் கொடுக்கும் கடையை நாட வேண்டும். இரண்டாவது, நீளும் பின்னல் துணிகளுக்கு இது பொருந்தாது. மூன்றாவது, பழைய ஊசித்தட்டுகளில் அளவுக்கோடுகள் இரா. தட்டின்மேல் காகித நாடாவை ஒட்டிக் கோடு கிழித்துக்கொள்ளலாம், அல்லது துணிக்கு அணையாகத் திருகும் உறுப்பைப் படுக்கையிலுள்ள துளைகளில் பொருத்தலாம். நான்காவது, வேகம். தையற்கூடங்களில் வழங்கும் ஜூகி டிடிஎல்-8700 போன்ற இயந்திரம் நிமிடத்துக்கு 5,500 தையல் வரை ஓடக்கூடியது. முழங்காலால் பாதத்தைத் தூக்கும் சௌகரியமும் அதற்கு உண்டு. கூலிக்குத் தைக்கிறவர் அதையே வாங்க வேண்டும். தம் குடும்பத்துக்கு மாதம் ஓரிரு சட்டை தைக்கிறவருக்கு, பெரிய மேசையையும் மோட்டாரையும் வீட்டுக்குள் ஏற்றுவது அனாவசியம்.

வளைதையல் இயந்திரத்தை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. சிறு துளையுள்ள நேர்த்தையல் தட்டு அதற்குக் கிடைக்குமானால் அதைப் பொருத்திக்கொள்ளலாம். கிடைக்காவிடில் ஊசியை இடக்கோடிக்கு நகர்த்தி வைத்தால், தட்டு வாயின் விளிம்பு துணிக்கு ஓரளவு ஆதாரம் கொடுத்துச் சுருக்கத்தைத் தணிக்கும்.

தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் ஊர் தைப்பிங் என்பது யாவரும் அறிந்ததே. அம்மழையில் பங்குபெறும் கமுந்திங்கிலும் இரும்புக்கு ஈரமே ஜன்ம சத்துரு. வாரம் ஒருமுறை தட்டைக் கழற்றி, பற்களிடையே சேரும் பஞ்சைத் துடைத்து, உராயும் இடந்தோறும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டு, மரப்பெட்டியால் மூடிவைத்தால் துரு அணுகாது. சமையலறைத் தேங்காயெண்ணெயை விடுவது மட்டும் கூடவே கூடாது. அது நாளடைவில் பிசினாகி இயந்திரத்தைப் பூட்டிவிடும்.

பழைய இயந்திரம் வாங்கப் போகிறவர் பார்க்க வேண்டியவை சில. வலப்பக்கத்தில் பொறித்த வரிசை எண்ணைக் கொண்டு அது செய்யப்பட்ட ஆண்டை அறியலாமாயினும், ஆண்டைவிட நிலைமையே முக்கியம். சக்கரம் ஒரு விரலால் சுழல வேண்டும். ஊசித்துளை தேய்ந்து நீண்டிருக்கக்கூடாது. பற்கள் கூர்மையாக இருக்க வேண்டும். பாபின் கேஸ் துருவின்றி இருக்க வேண்டும். இந்த அமைப்பையே பின்பற்றி ஜப்பானிலும் சீனத்திலும் செய்யப்பட்ட இயந்திரங்கள் ஏராளமாக இருப்பதால், ஊசியும் பாபினும் பாதமும் இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன. வெள்ளைத் துணி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், இரண்டடுக்காகத் தைத்துப் பார்த்த பின்பே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

சட்டை, பாவாடை, திரைச்சீலை போன்ற நெய்த துணிகளை நேர்த்தியாகத் தைக்க விரும்பி, காஜாவுக்கு வேறு வழி செய்துகொள்ளக்கூடிய எவருக்கும் 15கேயை நான் முழுமனத்தோடு சிபாரிசு செய்கிறேன். பனியன் துணி தைக்கிறவரும், அவசரமாக நிறையத் தைக்கிறவரும் வேறு இயந்திரத்தை நாடுவதே நலம். புது இயந்திரத்துக்கென்று ஒதுக்கிய வெள்ளியில் மிச்சமாவதை, கனமான நல்ல இஸ்திரிப் பெட்டிக்கும் கூரிய கத்தரிக்கும் மெல்லிய ஊசிகளுக்கும் செலவிடுங்கள். தையலை நேராக்குவது இயந்திரத்தின் வேலை. அதைப் படியவைத்து முடிப்பது இஸ்திரியின் வேலை. இரண்டுக்கும் இடையே அவசரப்படாமல் இருப்பது தைக்கிறவரின் வேலை. மூன்றும் கூடினால், வீட்டில் தைத்த சட்டையை உட்புறம் திருப்பி எவரிடமும் தயங்காமல் காட்டலாம்.